பதில் அனுப்பாதவர்கள் பொருந்திக்கொண்டவர்கள்

கற்பிட்டி,
2018 ஜூலை 21, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய ஸியாத் நானா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தெஹிவளை வீட்டில் நீங்கள் எல்லோரும் சுகம் என்று உங்கள் முகாமையாளர் றிம்ஸான் சொன்னார். இங்கே நானும் தம்பி பதுர்தீனும் சுகம். கச்சான் காற்று வழமைபோல அடிக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் உடம்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கி விளையாடுகிறார்கள். நூலகக் கூரையில் மூன்று ஓடுகள் பறந்துவிட்டன. பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. உங்கள் 'கடல்-மலை' நிறுவனத்தின் பெயர்ப்பலகை பழைய அலுவலகத்துக்கு முன்னால் இன்னும் நிற்கிறது. மத்தியான வெயிலுக்கு நாலைந்து கழுதைகள் அதன் நிழலுக்கு வருகின்றன. மேலே 'நாம் திருப்பிக் கொடுக்கிறோம்' என்று எழுதியிருப்பதால், அவை எதையோ வாங்கிப்போக வரிசையில் நிற்பதுபோலத் தெரிகிறது.

உங்கள் அட்டை கிடைத்தது. நல்ல தடித்த காகிதம். மேலே கஃபாவின் படம், கீழே மலையும் மீனும் சேர்ந்த நிறுவனச் சின்னம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் ஊராரிடம் பயணம் சொல்லி, தான் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது நம் வழக்கம். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் வாயால் 'பொருந்திக்கொண்டேன்' என்று சொன்னால்தான் உண்டு. அது உங்களுக்குத் தெரியும் என்பதை அட்டையின் கடைசி வரி காட்டுகிறது: 'ஜூலை 25க்கு முன்னர் பதில் அனுப்பாதவர்கள் பொருந்திக்கொண்டவர்களாகக் கருதப்படுவர்.'

இதை மூன்று தரம் வாசித்தேன். பத்தொன்பது வருடமாக நூலகத்தில் வேலை செய்கிறேன். எவ்வளவோ அறிவித்தல் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அட்டையைக் கொண்டுவந்த றிம்ஸானின் கையில் பெயர்ப்பட்டியல் இருந்தது. வாசலில் நின்றபடியே, 'மிஸ், ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நான் டிக் போட்டுட்டுப் போறன், இன்னும் நாப்பது வீடு கிடக்கிது' என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். 'ஏன் மிஸ் கஷ்டப்படுறீங்க? சும்மா இருந்தாலே ஓம்தானே' என்றார். நல்ல பிள்ளை. சொன்ன வேலையைச் செய்கிறவர்.

ஆகவே சும்மா இருக்காமல் இதை எழுதுகிறேன். திகதிக்கு முன்னர் கிடைக்கும்படி பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நான் பொருந்திக்கொள்ளவில்லை.

காரணம் தெரியாமல் நீங்கள் பயணம் போகக் கூடாது. மீதியை அதற்காக எழுதுகிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடவேண்டும். பெயர்ப்பலகையின் தமிழ் என்னுடையது. யுத்தம் முடிந்து நாலு வருடம் கழித்து நீங்கள் கொழும்பிலிருந்து திரும்பிவந்து நூலக மேசையில் உட்கார்ந்து, ஒரு திட்டத்தை ஆங்கிலத்தில் விளக்கினீர்கள். வெளிநாட்டவர்கள் நக்கிள்ஸ் மலையில் கயிறு கட்டி ஏறுவார்கள். அவர்கள் ஏறும் ஒவ்வோர் ஐம்பது மீற்றருக்கும், தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் இருக்கும் ஒரு மீனவருக்கு ஒரு தூண்டில் கிடைக்கும். ஒருவர் மலை ஏறுவதற்கும் இன்னொருவர் மீன் பிடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். 'அதுதான் மிஸ் இதிலுள்ள அழகு' என்றீர்கள். தம்பிக்கு உங்கள் சுற்றுலாப் போட்டில் வழிகாட்டி வேலை கிடைத்திருந்த நேரம். நானும் அழகைக் கண்டுவிட்டேன்.

பலகையைப் பார்த்து முதலில் சந்தேகம் கேட்டவர் முத்தலிபு மாமா. மன்னார் எருக்கலம்பிட்டியில் சொந்தத் தோணியோடு இருந்தவர். கரைத்தீவுக்கு உடுத்திருந்த ஒரு சாரத்தோடு வந்தவர். உங்கள் திட்டத்தின் முதல் பயனாளி. 'மகள், திருப்பிக் குடுக்கிறதெண்டா முதல்ல எடுத்திரிக்கணுமே. எண்ட தோணியை எடுத்தது ஆரெண்டு எனக்குத் தெரியும். அது இந்த மனிசன் இல்ல. இவரு எங்கக்கிட்ட என்னத்தை எடுத்தவரு?' என்று கேட்டார். அது ஆங்கிலத்தில் சொல்லும் முறை என்றேன். 'இங்கிலீசில களவெடுத்தவனா?' என்றார். அன்று சிரித்தேன்.

அறுபத்திரண்டு வயது மனிதருக்கு, வலை வீசியே கை காய்த்துப்போனவருக்கு, சுருள் பூட்டிய தூண்டிலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். வெளிநாட்டவர் ஒருவர் பெரிய பாரை மீனைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துப் படமெடுத்துவிட்டு மீண்டும் கடலில் விட்டார். மாமா தம்பியிடம் மெதுவாக, 'ஏன், அந்த மீனுக்கு ஏதும் நோய் வருத்தமா?' என்று கேட்டிருக்கிறார். இல்லை மாமா, இவர்கள் பிடித்துவிட்டு விடுகிறவர்கள் என்று தம்பி விளக்கினார். மாமா கரை சேரும்வரை மீனை விட்ட இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாராம்.

பிறகு தன்னம்பிக்கை வளர்ப்பதற்காக அவரை மலைக்கும் கூட்டிப்போனீர்கள். தொப்பிக்கு மேலே மஞ்சள் தலைக்கவசம், இடுப்பில் கயிறு, பின்னால் இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படம் உங்கள் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இன்னும் இருக்கிறது. உச்சியில் நின்று, 'இதில இரிந்து பார்த்தா மன்னார் தெரியுமா?' என்று கேட்டாராம். தெரியாது என்று மலை வழிகாட்டி சொன்னாராம். 'அப்ப என்னத்துக்கு ஏறின?' என்று கேட்டுவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டாராம். படத்துக்குக் கீழே வேறு வாசகம் இருக்கிறது. அது நான் எழுதியதல்ல.

இனி 2015 மே ஒன்பதாம் திகதிக்கு வருகிறேன். அதுவும் ஒரு சனிக்கிழமை. கச்சான் காற்று பிறந்து, போட்டு ஓடும் பருவம் முடிந்துவிட்டது. தம்பி போட்டைக் கரையில் ஏற்றி மூடிவிட்டார். மலையில் மழை பெய்ததால் உங்கள் விளம்பரத்துக்கான படப்பிடிப்புக்காரர்கள் இரண்டு கிழமை பிந்தி வந்தார்கள். நாங்கள் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் அழைப்பு வந்தது. தம்பியின் கையில் பருப்பு; போனைக் கதிரையில் வைத்துச் சத்தமாகக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அதனால் நானும் கேட்டேன்.

'இண்டைக்கு ஏலாது நானா, கரையிலேயே அலை ஒடையிது' என்றார் தம்பி. நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது: 'களப்பில எடுத்தாக் குளம் மாதிரித் தெரியிதாம், கடல்தான் வேணுமாம். அரை மணித்தியாலம், பதுர்தீன். முத்தலிபு மாமா தூண்டில் போடுறாப்போல ஒரு காட்சி. ஏதும் எண்டா நான் பாத்துக்கிறன்தானே.' தம்பி கை கழுவிவிட்டு எழுந்தார்.

மூன்றாவது அலையில் போட் புரண்டது. தம்பி நீந்தி வந்தார். முத்தலிபு மாமா தம்பியை விட நன்றாக நீந்துகிறவர். ஆனால் போட்டின் விளிம்பு அவருடைய தலையில் அடித்துவிட்டது, அவர் உயிரோடு கரைக்கு வரவில்லை. கரையில் நின்ற உங்களுக்கு இதை நான் எழுதிக்காட்டத் தேவையில்லை. கமராவிலும் இருக்கும்.

விசாரணை உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை, நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தம்பிக்குச் சிங்களம் சந்தையில் கதைக்கும் அளவுக்குத்தான். எழுத வாசிக்கத் தெரியாது. நானே மொழிபெயர்க்கிறேன் என்று கேட்டேன். நான் உடன்பிறந்தவள், அது சரிவராது என்றார்கள். நீங்கள் பெருந்தன்மையோடு முன்வந்தீர்கள். கதவு மூடும்போது, 'நான் பாத்துக்கிறன் மிஸ்' என்றீர்கள். அது இரண்டாவது தடவை.

தம்பி உள்ளே என்ன சொன்னார் என்று அன்றே கேட்டேன். 'காலையில போட்டை நான்தான் பாரமெடுத்தன் எண்டு சொன்னன், ராத்தா' என்றார். உங்கள் நிறுவனத்தின் வழக்கம் அதுதானே. ஒவ்வொரு காலையும் காவலாளியிடம் வழிகாட்டி போட்டை வாங்கி, எண்ணெய், கயிறு, ஜெக்கட்டுகள் எல்லாம் சரிபார்த்து, கொப்பியில் 'பாரமெடுத்தேன்' என்று ஒப்பமிடவேண்டும். தம்பிக்கு நன்றாக எழுதவரும் தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. நூற்றுக்கணக்கான காலைகளில் எழுதியிருக்கிறார். கேட்ட கேள்விக்கு அந்தச் சொல்லையே பதிலாகச் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஒற்றை வரிக் கடிதம் வந்தது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் போட்டை எடுத்துச் சென்ற குற்றத்தைத் தானே ஏற்றுக்கொண்டமையால், பதுர்தீனின் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் ரத்து. அதிகாரிகளின் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். உங்களிடம் கேட்டதற்கு, உங்களால் முடிந்ததைச் செய்ததாகச் சொன்னீர்கள். அது உண்மை.

தம்பி எதிர்த்துக் கதைக்கவில்லை. எழுது, மேல்முறையீடு செய் என்று நான் கத்தினேன். 'நான்தானே ராத்தா பாரமெடுத்தன்' என்பார். அதோடு கதை முடிந்தது. புத்தளம் உப்பளத்துக்குப் போனார். மூன்று வருடமாக அங்கே உப்பு வாருகிறார். கிழமை முழுக்க அங்கே தங்கி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார்.

வருமுன் அவர் எங்கே போவார் என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமில்லை. புத்தளத்தில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், வீட்டுக்கு வரும் பாதைக்கு நேர் எதிர்த் திசையில் பஸ் ஏறிக் கரைத்தீவுக்குப் போவார். முத்தலிபு மாமாவின் மனைவி மரியம் மாமியின் படலைக்கு வெளியே நின்று ஸலாம் சொல்வார். மாமி பதில் சொல்லமாட்டா. எதிரி சொன்ன ஸலாத்துக்கும் பதில் சொல்வது கடமை என்பது மாமிக்குத் தெரியாததல்ல. ஐந்து நேரமும் தொழுகிறவ. ஆனால், அனுமதியில்லாமல் போட்டை எடுத்துத் தன் புருஷனைக் கொண்டுபோனதாக அவனே ஒப்புக்கொண்டானாம் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து போய்ச் சொல்லியிருந்தார்கள். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் புடைத்துக்கொண்டே இருப்பா. தம்பி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துக் கற்பிட்டிக்கு வருவார். இனிப் போகவேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன். 'அவங்க ஒருக்கா ஸலாம் சொல்லட்டும் ராத்தா, அதுக்குப் பொறகு போகமாட்டன்' என்றார். அனுமதிப்பத்திரத்தைப் பற்றி என் தம்பி ஒருநாளும் அழுததில்லை. மாமியின் வாயிலிருந்து அந்த ஒரு பதில் வரவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இந்த வருடம் பெப்ரவரியில், மூன்று வருடம் கழிந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அறிந்து, விசாரணை வாக்குமூலத்தின் உறுதிப்படுத்திய பிரதியை நான் எடுப்பித்தேன். தம்பிக்குச் சொல்லவில்லை, கிடைக்காவிட்டால் ஏமாறுவார் என்று. சிங்களத்தில் நான்கு பக்கம். நூலகத்தை மூடிவிட்டு உட்கார்ந்து வாசித்தேன்.

'பாரமெடுத்தேன்' என்பதற்குச் சிங்களத்தில் 'பார கத்தா'. மொழிபெயர்க்கவே தேவையில்லாத அளவுக்கு இரண்டும் ஒரே சொல். பள்ளிக்கூடம் போகாத மீன் வியாபாரியும் இந்த இடத்தில் தடுமாறமாட்டான். பிரதியில் இருந்தது 'வரத பார கத்தா'. வரத என்றால் குற்றம். போட்டைப் பாரமெடுத்தவர் குற்றத்தைப் பாரமெடுத்தவராகிவிட்டார். அடுத்த வரி: 'உரிமையாளரின் அனுமதி பெறவில்லை.'

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் அகராதியை எடுத்தேன். அந்தச் சொல்லுக்கு நான் அறியாத வேறு நல்ல அர்த்தம் ஒன்று இருக்கக்கூடும் என்று தேடினேன். இல்லை.

எழுதிய அதிகாரியின் பிழையாக இருக்கலாம் என்றும் நினைத்துப்பார்த்தேன். உங்களுக்குச் சாதகமாக எவ்வளவு நினைக்கலாமோ அவ்வளவும் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் தம்பியின் பெயரில் ஓர் எழுத்து பிழையாக விழுந்திருக்கிறது. நீங்கள் அதைக் கண்டு, வெட்டி, சரியாக எழுதி, ஓரத்தில் ஒப்பமும் வைத்திருக்கிறீர்கள். 'வரத' அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. என் தம்பியின் பெயர் பிழையாகப் பதியப்படக் கூடாது என்று கவனமெடுத்ததற்கு நன்றி.

அன்றே நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த வருட ஹஜ் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது அப்போதே எனக்குத் தெரியும். பயணம் போகுமுன் எங்களிடம் நீங்கள் பொருத்தம் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேள்வி உங்கள் வாயிலிருந்து முதலில் வரட்டும், பிறகு பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். பிரதியை நூலக அலுமாரியில், யாரும் கேட்காத பழைய அரசாங்க அறிக்கைகளுக்கு நடுவில் வைத்தேன். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். மனிதர் வாசலுக்கு வந்து கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அட்டை வந்தது.

அட்டை கிடைத்த மறுநாள், வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டுக் கரைத்தீவுக்குப் போனேன். மரியம் மாமி என்னை உள்ளே கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. படலையில் நின்றபடியே வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கதிரையில் இருந்த போனில் நீங்கள் சொன்னதையும் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, 'அந்தச் சொல்லை மட்டும் இன்னொருக்கா வாசிங்க' என்றா. வாசித்தேன். எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தா. மாமிக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. 'இவ்வளவு சின்னதா?' என்றா. மூன்று எழுத்து என்றேன்.

'இந்த மூண்டு எழுத்துக்காகவா மகள் நான் அந்தப் புள்ளையை மூண்டு வருசமாப் படலையில நிக்கவச்சன்?' என்று கேட்டுவிட்டு உள்ளே போய், உங்கள் அட்டையோடு வந்தா. றிம்ஸானிடம் ஏற்கெனவே 'ஓம்' சொல்லிவிட்டாவாம், அவரும் டிக் போட்டுவிட்டாராம். 'சொன்ன ஓமைத் திரும்ப எடுக்கேலுமா?' என்று கேட்டா. அவர்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறவர்கள், இதையும் கேட்டுப்பார்க்கலாம் என்றேன். மாமி சிரிக்கவில்லை. 'அப்ப கேட்டு எழுதுங்க. ஹாஜியாராகித் திரும்பி வரட்டும். நான் இஞ்சதான் இரிப்பன். எண்ட மனிசன்ட ஹக்கை, அவருக்குரிய பொருத்தத்தை, என்னக்கிட்ட வந்து கேக்கட்டும், அட்டையை அனுப்பவேணாம் எண்டு எழுதுங்க' என்றா. எழுதிவிட்டேன். அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். பட்டியலில் அந்த டிக்கை வெட்டிவிடவும்.

தம்பிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், ஸலாத்துக்குப் பதில் மட்டும் சொல்லுங்கள் என்று மாமியிடம் கேட்டுக்கொண்டேன். மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டா. நேற்று வெள்ளிக்கிழமை. தம்பி மஃரிபு தொழுகைக்குச் சற்று முன் வீட்டுக்கு வந்தார். பையைக்கூட வைக்கவில்லை. 'ராத்தா, மாமி ஸலாம் சொன்னா. முழுசாச் சொன்னா. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டும் சொன்னா' என்றார். நாற்பது வயது ஆள், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை கரண்டி போட்டேன் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் அத்தோடு முடிந்திருக்கும், ஸியாத் நானா. அடுத்து அவர் சொன்னதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 'ஸியாத் நானா ஹஜ்ஜுக்குப் போறதுக்கு முந்தி மாமிக்கிட்டப் போய் எனக்காகக் கதைச்சிரிக்கார் போல. இல்லாட்டி ஒரே நாளில எப்படி? நல்ல மனிசன், ராத்தா. நாங்கதான் பிழையா நினைச்சிட்டம்.'

நீங்கள் ஒன்றுமே செய்யாமல் ஒரு நன்மை உங்கள் பெயரில் சேர்ந்துவிட்டது. 'கடல்-மலை' நிறுவனம் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் நடந்துவந்தது என்றாலும், இந்த முறை என்னால் தேநீர் குடிக்க முடியவில்லை.

றிம்ஸான் உப்பளத்துக்கும் போயிருக்கிறார். 'நான் எப்பவோ பொருந்திட்டன் எண்டு சொல்லுங்க' என்று தம்பி சொல்லியிருக்கிறார். அந்த டிக் உங்களிடம் இருக்கும். ஆனால் அவர் பொருந்தியது எதை? வேலை போனதை. பிறகு நீங்கள் ஒரு தடவைகூடப் போன் எடுக்காததை. தெரிந்ததைத்தான் ஒருவர் பொருந்தலாம். மூன்று எழுத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் புதன்கிழமைக்கு உப்பளத்தில் லீவு கேட்டிருக்கிறார். உங்களைப் பயணம் அனுப்ப முதல் பஸ்ஸில் தெஹிவளைக்கு வருகிறார். நான் இதை எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்று வெள்ளைச் சட்டையை அழுத்திக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார். உங்களுக்கு என்றேன். 'எண்ட ஸலாத்தையும் எழுதுங்க' என்றார். எழுதிவிட்டேன்.

வாசலில் அவர் உங்களைக் கட்டிப்பிடிப்பார். அப்போது அவருடைய காது உங்கள் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். 'அந்தச் சொல்லைச் சேர்த்தது நான்' என்று சொல்லுங்கள். பிறகு, இத்துடன் உள்ள ஒரு பக்கத் திருத்தத்தில் ஒப்பமிட்டு அவருடைய கையில் கொடுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, நீங்கள் சிரமப்படவேண்டியதில்லை. அதை அதிகாரிகளிடம் கொடுத்தால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும் என்று விசாரித்து அறிந்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லாவிட்டால் நானும் சொல்லமாட்டேன். இது மிரட்டல் அல்ல. நான் சொன்னால் அவர் அன்றே உங்களைப் பொருந்திவிடுவார். உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், சட்டையை அழுத்தியபடியே பொருந்திவிடுவார். அப்படியான ஆள். அவ்வளவு மலிவாக அது உங்களுக்குக் கிடைக்க நான் விடமாட்டேன். நீங்கள் சொல்லி, அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். சொல்லாமல் போனால், உங்களை நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு அவர் கைகாட்டி வழியனுப்புவார். அந்தக் கையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கஃபாவை ஏழு தரம் சுற்றுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாது. பெப்ரவரியில் பிரதி என் கைக்கு வந்தது. ஜூலையில்தான் மாமியிடம் போனேன். இடையில் இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகள். உங்கள் அட்டைக்காக நான் காத்திருந்த அந்த இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் என் தம்பி எதிர்த் திசை பஸ் ஏறி, படலையில் நின்று, பதில் இல்லாமல் திரும்பி வந்தார். ஒரு பஸ் பயணத்தில் நான் முடித்திருக்கக்கூடிய காரியம். முன்னைய மூன்று வருடம் உங்களுடையது. இந்த இருபத்திரண்டும் என்னுடையவை. அவரிடம் நான் இன்னும் பொருத்தம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஹஜ்ஜில் அரஃபா வெளியில் நின்று கேட்பவரின் துஆ தட்டப்படுவதில்லை என்பார்கள். அங்கே நிற்கும்போது என் பெயரைச் சொல்லி, இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகள் என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் தேவையில்லை. இந்த விஷயம் தெரிந்தவர்களில் அங்கே போகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

நானும் உங்களுக்காக ஐந்து நேரமும் கேட்டுவருகிறேன். அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுபோய்ச் சுகமாகத் திருப்பிக் கொண்டுவரட்டும். வெயிலும் நெரிசலும் நோயும் உங்களை அண்டாமல் இருக்கட்டும். நானும் மரியம் மாமியும் உயிரோடு இருக்கும் நாள்வரைக்கும், அதற்குப் பிறகும் சிறிது காலம், உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எதையும் மறக்காத நல்ல ஞாபக சக்தியையும் அவன் தருவானாக. ஆமீன்.

இங்ஙனம்,
கமறியா